மலையைக் கெடுத்தது ரோப்காரா?

தமிழ்நாட்டில் ஒரு மலைக்கோயிலுக்கு ரோப்கார் வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு புலம்பலும் வந்து சேர்கிறது. 2004இல் பழனிக்கு வந்தபோது கேட்டோம். 2024 மார்ச்சில் சோளிங்கருக்கும், அவ்வாண்டு ஜூலையில் குளித்தலையை அடுத்த அய்யர்மலைக்கும் வந்தபோது அதே புலம்பலைச் சொல் மாறாமல் மீண்டும் கேட்டோம். படியேறுவதே தவம், வழியும் வியர்வையே அபிஷேகம், மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்க்கிற கணத்தில்தான் மலை தன்னைக் காட்டும், தொங்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து சில நிமிடங்களில் மேலே போய் இறங்குகிறவனுக்கு மலையும் கிடைக்காது, முருகனும் கிடைக்கமாட்டான். இப்படிச் சொல்பவர்கள் யாரோ அல்லர். நிறைய வாசிப்பவர்கள், நன்றாக எழுதுபவர்கள், மலைகளை மெய்யாகவே நேசிப்பவர்கள். நம் கூட்டத்தினர். ஆகவேதான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் புலம்பல் பிழையானது என்பதோடு என் குறை முடியவில்லை. தவறான இடத்தில் கோபத்தைச் செலவழித்துவிட்டு, கோபப்பட வேண்டிய இடத்துக்கு வரும்போது நம்மவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். பழனி அடிவாரத்திலிருந்து தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் ரோப்காரைப் பழித்து எழுதிய பேனாக்களில் எத்தனை, பழனியிலிருந்து கொடைக்கானலுக்கே ரோப்வே போடலாம் என்று மத்திய அரசின் பர்வத்மாலா திட்டத்தின்கீழ் ஆராயப்பட்ட யோசனையைப் பற்றி ஒரு வரியாவது எழுதின? இரண்டிலும் ஓடுவது கம்பிவடம்தான். ஆனால் ஒன்று மூட்டுவலிக்காரர்களின் வண்டி. மற்றது ஒரு மலைநகரத்தின் தலையில் இன்னும் ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய்க் கொட்டும் குழாய். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ரசனையால் மலைக்கும் பயனில்லை, மனிதருக்கும் பயனில்லை.

முதலில் பழனியைப் பார்ப்போம். அறுநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள். அவற்றுக்குப் பக்கத்தில், சரிவு குறைந்த யானைப்பாதை. 1966இலேயே அங்கு விஞ்ச் ஓடத் தொடங்கிவிட்டது. தண்டவாளத்தின் மேல் வடத்தால் இழுக்கப்பட்டு ஏறும் அந்தப் பெட்டியில் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் ரோப்கார். ஆக, பழனி மலைமேல் இயந்திரம் ஏறி இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. இந்த ஆறு பதிற்றாண்டுகளில் பக்தி குறைந்ததா? தைப்பூசத்துக்கு முன் திண்டுக்கல் சாலையிலும் தாராபுரம் சாலையிலும் போய்ப் பார்க்கலாம். நகரத்தார் காவடி நூற்றாண்டுகளாக நடந்த வழியில் இன்றும் நடக்கிறது. நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் என்று வெறுங்காலோடு வரும் மக்களில் எவரும், உச்சியில் ரோப்கார் இருக்கிறதே என்று வீட்டிலேயே தங்கிவிடவில்லை. ஆண்டுப் பராமரிப்புக்காக ஒரு மாதமோ அதற்கு மேலோ ரோப்கார் நிற்கிறது. காற்று பலமாக வீசினால் நிற்கிறது. அந்நாட்களிலும் மலைமேல் கூட்டம் குறைவதாகத் தெரியவில்லை. ஏறக்கூடியவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரோப்கார் யாருடைய காலையும் வெட்டவில்லை.

தலபுராணத்தைச் சான்றாகக் காட்டுவோர்க்கும் ஒரு வார்த்தை. உலகைச் சுற்றி வரச் சொன்னபோது நடந்தா போனான் முருகன்? மயிலேறிப் பறந்தான். பெற்றோரைச் சுற்றி நடந்தவர் பிள்ளையார். கோபித்துக்கொண்டு வந்து நின்ற இடமே பழனி என்கிறது கதை. வான்வழி வாகனம் ஏறியவன் வந்து நிற்கும் குன்றுக்கு வான்வழி வாகனம் கூடாது என்கிறார்கள் நம் அன்பர்கள். இன்னும் ஒன்று: அந்தக் குன்றே நடந்து வந்ததில்லை. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்தவன் இடும்பன். அவன் இறக்கிவைத்த சுமைதான் நாம் ஏறும் மலை. பழனியின் கதை, ஒழுங்காகப் படித்தால், சுமப்பவனின் கதை.

சுமப்பவன் என்ற சொல்லில் நிற்க விரும்புகிறேன். படியேறுதலின் புனிதத்தைப் பாடுகிறவர்களின் எழுத்தில் ஒருபோதும் தலைகாட்டாத ஒருவர் உண்டு. டோலி தூக்குகிறவர். நம் மலைக்கோயில்கள் ரோப்காருக்கு முன்பு எல்லாரும் நடந்து ஏறிய பொற்காலத்தில் இருந்தன என்பது கற்பனை. நடக்க இயலாத செல்வர்களும் முதியோரும் பிறருடைய தோளில் ஏறிப் போனார்கள். இயலாத ஏழைகள் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். வியர்வையே அபிஷேகம் என்றால், அந்த டோலிகளில் அபிஷேகம் யாருக்கு நடந்தது, புண்ணியம் யார் கணக்கில் ஏறியது?

சோளிங்கர் யோக நரசிம்மர் எங்கள் தாய்வழிக் குலதெய்வம். ஆயிரத்து முந்நூற்றைந்து படிகள். அறுபது வயது வரை அம்மா ஆண்டுதோறும் ஏறினார். பிறகு முழங்கால் விட்டுக்கொடுத்தது. ஓராண்டு நாங்கள் வற்புறுத்தி டோலி பேசினோம். தூக்க வந்த நால்வரில் முன்பக்கம் நின்றவருக்கு என் தந்தையின் வயது இருக்கும். துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா, பத்திரமா கொண்டுபோய் விடுறோம்" என்றார். அம்மா அவர் தோளைப் பார்த்தார். காய்த்துப் போய், மூங்கில் அழுந்தும் இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. "இந்தத் தோள்மேல உக்காந்து போய் அவன்கிட்ட நான் என்னத்தக் கேக்கறது" என்றார். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு, அடிவாரத்து மண்டபத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பல ஆண்டுகள் அவருடைய சோளிங்கர் அந்த மண்டபத்தோடு முடிந்தது. ரோப்கார் வந்தபின் மேலே போய்ப் பார்த்தார். அவருக்கு நரசிம்மர் கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதிக் காட்டுகிறவர், அவர் எதிரில் வந்து அதைச் சொல்லட்டும்.

டோலி ஏதோ கோயில் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானலின் வெள்ளைக்காரர் வரலாறே அதில்தான் தொடங்குகிறது. லாஸ் காட் சாலை திறக்கப்படும் வரையில், துரைகளும் துரைசானிகளும் பாதிரிமார் குடும்பங்களும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து கூலியாட்களின் தோள்மேல்தான் பெரியகுளம் பக்கத்திலிருந்து மேலே போனார்கள். மஞ்சு தவழும் மலைப்பாதையைப் பற்றி அக்காலத்தவர் எழுதிய வருணனைகளைப் படிக்கும்போது, அவர்களைத் தூக்கிச் சென்றவனுக்கு மஞ்சு தெரிந்திருக்குமா, முன்னால் போகிறவனின் குதிகால் மட்டும் தெரிந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. இயற்கை ரசனை என்பதற்குப் பின்னால் பல நேரங்களில் ஒரு சுமைகூலி நிற்கிறான். அவனை விடுவித்த இயந்திரத்தை இயற்கையின் பெயரால் சபிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. நம் முன்னோர் குறிஞ்சியைக் காலால் அறிந்தார்கள், நாம் கண்ணாடி வழியே அறிகிறோம் என்பது அவர்கள் வாதம். காலால் அறிந்தது உண்மை. ஆனால் அறிந்தவர்கள் என்ன சொன்னார்கள்? மலைபடுகடாத்தைப் புரட்டிப் பாருங்கள். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். எங்கே வழுக்கும், எங்கே கவண்கல் வந்து விழும், எங்கே பாம்பு இருக்கும், எங்கே எதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்றெல்லாம் எச்சரிக்கை. எந்த ஊரில் தங்கினால் சோறு கிடைக்கும் என்பதும் உண்டு. மலையின் அழகு முழுதும் அந்தப் பாட்டில் இருக்கிறது. மலையேற்றத்தின் துன்பத்தை ஒரு பேறாக்கிக் காட்டும் பசப்பு அதில் இல்லை. வறுமையால் மலை கடக்க நேர்ந்தவர்களைப் பார்த்துப் பேசுகிறவர் அப்படித்தான் பேசுவார். துன்பத்தைப் பேறாக்குவது, துன்பம் விருப்பத்தேர்வாகிவிட்ட வகுப்பின் பொழுதுபோக்கு.

அந்த வகுப்பில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை உண்டு என்று கருதுகிறேன். நான் குடியிருக்கும் கொட்டிவாக்கத்தில் மலையென்று ஏதுமில்லை. கடல், மணல், கிழக்குக் கடற்கரைச் சாலை, அடுக்குமாடிகள். நான்காம் மாடியில் வீடு. லிஃப்ட் பழுதாகி இரண்டு நாள் நின்றுவிட்டால் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் எழும் கூச்சலைக் கேட்க வேண்டும். ஐம்பது அறுபது படிகள்! படியேறுதலின் ஆன்மிகம் பற்றி அப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதே நண்பர்கள் விடுமுறைக்கு ஸ்விட்சர்லாந்து போய்த் திட்லிஸ் பனிமலையில் சுழலும் கேபிள் காரில் ஏறுகிறார்கள்; லங்காவியில் ஏறுகிறார்கள்; கெந்திங்கில் ஏறுகிறார்கள். திரும்பி வந்து மேகத்துக்குள் மிதந்ததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பியக் கம்பியில் தொங்கினால் அனுபவம், சோளிங்கர்க் கம்பியில் தொங்கினால் சீரழிவு என்ற கணக்கு மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை, திட்லிஸில் கூட ஏறியவர்கள் மஞ்சள் துணியும் தூக்குச் சட்டியும் வைத்திருக்கவில்லை என்பதுதான் வேறுபாடோ?

ஒரு தற்செயல் ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். பழனியில் ரோப்கார் தொடங்கிய அதே 2004இல் தென்னமெரிக்காவின் கொலம்பிய நாட்டில், மெதெயின் நகரத்தில் மெட்ரோகேபிள் என்ற கம்பிவடச் சேவை தொடங்கியது. மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் குடிசை போட்டு வாழ்ந்த ஏழை மக்கள் கீழே நகரத்து வேலைகளுக்குப் போய்வரப் போட்டது. மெட்ரோ ரயிலோடு அது இணைக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2014இல், பொலிவியாவின் லா பாஸ் நகரம் அதைவிடப் பெரிய அளவில் அதையே செய்தது. அங்கே கம்பிவடப் பெட்டியை யாரும் சுற்றுலாப் பொருளாகப் பார்ப்பதில்லை. நாம் நகரப் பேருந்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். பேருந்து நேரத்துக்கு வரவில்லை என்றால் திட்டுகிறோம். பேருந்து இருப்பதே பண்பாட்டுச் சரிவு என்று கட்டுரை எழுதுவதில்லை.

பேருந்தாகப் பார்க்கத் தொடங்கினால் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே வரும். முதற்கேள்வி, இடம் யாருக்கு? விழா நாட்களிலும் வார இறுதிகளிலும் பழனி விஞ்ச், ரோப்கார் வரிசைகள் மணிக்கணக்கில் நீள்கின்றன. அந்த வரிசையில் எண்பது வயது மூதாட்டிக்கு முன்னால் இருபத்தைந்து வயது இளைஞர்கள் நால்வர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சீட்டு கொடுத்தால் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு கோயில் நிர்வாகம் மலைமேல் கம்பி கட்டுவதற்கு நியாயம் கேட்டால், நடக்க இயலாதவர்கள் என்பதே ஒரே நியாயம். அப்படியானால் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் ஆகியோர்க்கே முதலிடம். பெட்டியில் மிச்சமிருந்தால் மற்றவர்க்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுப் போக்குவரத்தும் பொதுக் கட்டடங்களும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியோடு வருபவர் பெட்டியில் ஏறுவது ஒரு பக்கம். மேல் நிலையத்தில் இறங்கியபின் சன்னதிவரை இன்னும் எத்தனை படி என்பது மறு பக்கம். ரோப்காரை எதிர்ப்பவர்கள் இந்தப் படிகளை எண்ணிப் பார்த்து எழுதியிருந்தால் நான் கூடவே நின்றிருப்பேன்.

இரண்டாம் கேள்வி உயிரைப் பற்றியது. இதில் நான் எவருக்கும் சமாதானம் சொல்லப் போவதில்லை. பழனி ரோப்கார் 2007இல் விபத்துக்குள்ளாகி உயிர்ப்பலி வாங்கியது. அய்யர்மலையில் திறப்பு விழா முடிந்த சூட்டோடு காற்றால் பெட்டிகள் நடுவழியில் நின்று, உள்ளே இருந்தவர்கள் தொங்கிக் கிடக்க நேர்ந்தது. ஜார்க்கண்டின் தேவ்கருக்கு அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் பெட்டிகள் மோதிக்கொண்டன. பலர் 40 மணி நேரத்துக்கும் மேலாக அந்தரத்தில் இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வந்து மீட்டன. மூவர் இறந்தனர், மீட்கும்போதே கைநழுவி விழுந்தவர்களும் அவர்களில் அடக்கம். இலங்கையில் குருநாகல் மாவட்டத்து நா உயன ஆரண்ய சேனாசனத்தில் 2025 செப்டம்பரில், மலைமேல் குடில்களுக்குப் பிக்குகள் போய்வரும் கம்பிவட வண்டி அறுந்து ஏழு பிக்குகள் மாண்டார்கள். அதே மாதத்தில்தான் லிஸ்பன் நகரின் புகழ்பெற்ற குளோரியா இழுவை வண்டியின் வடம் அறுந்து 16 பேர் இறந்தார்கள். நம் விஞ்ச் எந்த வகையைச் சேர்ந்ததோ அதே வகை.

ஆனால் இவற்றில் எனக்கு அதிகம் உறைத்தது இத்தாலியின் மொத்தரோனே மலையில் 2021 மே மாதம் நடந்தது. இழுவடம் அறுந்தது. அறுந்தாலும் பெட்டி விழக்கூடாது. தாங்குவடத்தை உடனே கவ்விப் பிடிக்கும் அவசரத் தடை ஒன்று அதற்கென்றே இருக்கிறது. அந்தத் தடை அடிக்கடி தானாக இறுகிச் சேவையை நிறுத்திவிடுகிறது என்பதற்காக, அது கவ்வாதபடி முள்கரண்டி போன்ற ஓர் இரும்புக் கவையைப் பொருத்தி வைத்திருந்தார்கள். பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின் அப்போதுதான் வருமானம் வரத் தொடங்கியிருந்தது. நிறுத்திப் பழுது பார்க்க மனமில்லை. பெட்டி பின்னோக்கிப் பாய்ந்து விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான்.

இந்தச் செய்திகளை நம் புலம்பல்காரர்கள் எடுத்தாளும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். மலை பழிவாங்கியது என்பார்கள். இயற்கையை மீறியதற்குத் தண்டனை என்பார்கள். மொத்தரோனேயில் பழிவாங்கியது மலையா? ஒரு கவை. அதைப் பொருத்தச் சம்மதித்த சில மனிதர்கள். விபத்தை விதியாக்கி உருகுவதால் அந்த மனிதர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு வேண்டியது உருக்கம் இல்லை, ஒரு தகவற்பலகை. சீட்டு கொடுக்கும் சாளரத்துக்குப் பக்கத்தில், தமிழில், கடைசியாக வடத்தைச் சோதித்த நாள் எது, சோதித்தவர் யார், வடம் மாற்றிய ஆண்டு எது, காற்று எத்தனை கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நிறுத்தப்படும், மின்சாரம் போனால் கீழே கொண்டுவர என்ன ஏற்பாடு, கடைசியாக மீட்பு ஒத்திகை நடந்தது எப்போது. இத்தனையும் ஏதோ ஒரு கோப்பில் இருந்தாக வேண்டியவைதாம். வெளியே எழுதி மாட்ட ஒரு தகரப் பலகையும் பெயிண்டும் போதும். காற்றினால் இன்று சேவை இல்லை என்று அறிவிக்கும்போது வரிசையில் நிற்கும் நாம் முணுமுணுக்கிறோமே, அந்த முணுமுணுப்பையும் விட வேண்டும். நிறுத்தத் தெரிந்த இயக்குநரே நல்ல இயக்குநர். மொத்தரோனேயில் நிறுத்தத் தெரியவில்லை.

இனி, உண்மையான சண்டைக்கு வருகிறேன்.

கோயில் குன்றுக்குப் போகும் ரோப்கார் சில நூறு மீட்டர். ஏறியவர் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். மேலே தங்க அவருக்கு விடுதி வேண்டாம், குளிக்கத் தண்ணீர் வேண்டாம். கொடைக்கானல் அப்படியன்று. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளின் விளிம்பில், 1863இல் செயற்கையாக ஆக்கப்பட்ட ஏரியைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஊர். கோடையில் அதன் நிலை என்ன என்பதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. தாங்கமுடியாமல் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கூரையைப் பிரித்து இன்னொரு வழி வைக்கலாமா என்பதே பழனி–கொடைக்கானல் ரோப்வே பற்றிய யோசனையின் சாரம்.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் விடை ஒன்று உண்டு; அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பழனியிலிருந்து மலைச்சாலை அறுபது கிலோமீட்டருக்கு மேல். ரோப்வே வந்தால் வண்டிகள் குறையும், புகை குறையும், சாலையை அகலப்படுத்த மரம் வெட்ட வேண்டாம். நல்ல வாதம். ஆனால் அதை நம்புகிறவர்கள் ஒன்றை எழுதித் தர வேண்டும்: ரோப்வே எத்தனை பேரை மேலே கொண்டுசெல்கிறதோ அத்தனை பேருக்கான வண்டிகள் இ-பாஸ் கணக்கிலிருந்து அன்றே கழிக்கப்படும் என்று. அப்படி எழுதித் தந்தால் நான் என் எதிர்ப்பை மறுபரிசீலனை செய்வேன். தரமாட்டார்கள். சாலையில் வருகிறவரும் வேண்டும், கம்பியில் வருகிறவரும் வேண்டும், இருவருக்கும் விடுதியும் வேண்டும். மலைகளுக்கு மாலை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் திட்டத்துக்கு. மாலை போடுவது கல்யாணத்துக்கு மட்டுமன்று என்பது நமக்குத் தெரியும்.

வடக்கே பார்த்தால் அளவு புரியும். சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 4,081 கோடி ரூபாய். எட்டு ஒன்பது மணி நேர மலையேற்றம் 36 நிமிடமாகும். மணிக்கு ஒரு திசையில் 1,800 பேர் வரை போகலாம். முழங்கால் வலிக்கும் முதியோருக்கு அது வரம் என்பதை நான் மறுக்க மாட்டேன். என் அம்மாவுக்கு ஒரு நியாயம், கேதார்நாத் போகிற அம்மாக்களுக்கு ஒரு நியாயம் என்று பேச முடியாது. ஆனால் 2013 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கையே சரியாக எடுக்க முடியவில்லை. ஒரு பள்ளத்தாக்கு எத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்கும் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கம்பியின் கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும். நம் நாட்டில் அது தலைகீழாக நடக்கிறது. கம்பி எத்தனை பேரைத் தூக்குமோ அத்தனை பேர் மேலே.

இந்தக் கணக்கைக் கேட்பதற்குக் கவிதை மனம் தேவையில்லை என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தபோது கவிதை எழுதியவர்கள் இவர்களே. அடுத்த பூப்பு 2030இல். அது பூக்கும் புல்வெளிச் சரிவுகளுக்கு எத்தனை பேர் எந்த வழியில் வரப்போகிறார்கள் என்பது இப்போதே தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் விஷயம். அரசுத் துறைகளின் கூட்டக் குறிப்புகளையும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளையும் படிப்பதற்குச் சங்கப்பாட்டைப் படிப்பதைவிட அதிகப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக, டோலிக்காரர்கள். அவர்களை வாதத்துக்குப் பயன்படுத்திவிட்டு நடுப்படியில் விட்டுவிட்டுப் போனால் நானும் புலம்பல்காரர்களில் ஒருவனாகிவிடுவேன். வைஷ்ணவதேவி கோயிலுக்குப் போகும் வழியில் புதிய ரோப்வே அறிவிக்கப்பட்டபோது, கத்ராவில் 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் கடையடைப்பும் போராட்டமும் நடந்தன. குதிரைக்காரர்கள், பல்லக்குத் தூக்குகிறவர்கள், வழிநெடுகக் கடை வைத்திருந்தவர்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: எங்களைத் தாண்டிக் கூட்டம் தலைக்குமேல் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வது? தோளை விடுவித்தோம் என்று நாம் பெருமைப்படும்போது அந்தத் தோளுக்குரியவரின் அடுப்பையும் நினைக்க வேண்டும். சோளிங்கரில் என் அம்மாவைத் தூக்க வந்த அந்த முதியவருக்கு ஆயிரத்து முந்நூற்றைந்து படிகளில் எது வழுக்கும், எந்தத் திருப்பத்தில் காற்று தள்ளும், மயங்கி விழுந்தவரை எந்த வழியாகச் சீக்கிரம் இறக்கலாம் என்பதெல்லாம் தெரியும். பெட்டி நடுவழியில் நின்றால் மலையேறி மீட்கப் போகிறவருக்கு முதலில் வேண்டிய அறிவு அது. மேல் நிலையத்திலும் கீழ் நிலையத்திலும் முதியோரைக் கைப்பிடித்து ஏற்றி இறக்க ஆட்கள் வேண்டும்; மீட்புக் குழுவுக்கு ஆட்கள் வேண்டும்; அவர்கள் ஒப்பந்தக்காரர் வெளியூரிலிருந்து அழைத்து வருகிறவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டோலி தூக்கியவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்த வேலைகளை, மாதச் சம்பளத்தோடும் காப்பீட்டோடும், முதலில் தர வேண்டும் என்று அறநிலையத் துறைக்கு எழுதலாம். நான் எழுதியிருக்கிறேன். கூடக் கையெழுத்திட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், படி அனுப்புகிறேன்.